இராசதுரையின் கழுத்து

துஷாந்தியின் கடைசிக் கட்டுரைக்கு ஒரு படம் குறைந்தது. இராசதுரையின் கழுத்துப் படம். வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் கட்டுரையை ஏற்க முடியாது என்று சஞ்சிகை எழுதியிருந்தது.

துஷாந்தி என் மனைவி. சத்திரசிகிச்சை நிபுணர். மாசியில் வார்ட்டில் நின்றபடியே விழுந்தாள். மூளையில் இரத்தக்கசிவு. அதற்குமேல் எனக்கு எழுத வராது.

அவளுடைய ஆய்வு முரல் மீன் பற்றியது. இரவில் படகு வெளிச்சத்தைக் கண்டால் முரல் தண்ணீரை விட்டுப் பாயும். ஊசிபோன்ற அலகு நிற்பவரின் கழுத்தில் ஏறும். உடனே பிடுங்குவதுதான் கடலில் வழக்கம். பிடுங்கினால் இரத்தம் பீறிடும். மீனை வெட்டி எறியுங்கள், அலகை அப்படியே விட்டு ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்பதுதான் அவளுடைய முதல் கட்டுரை.

"முரலை ஆர் பிள்ளை மேற்கோள் காட்டப்போறது?" என்று ஒரு பேராசிரியர் சிரித்தாராம். ஒன்பது கட்டுரைகள் காட்டின. முதலாவது இந்தோனேசியாவில் ஏதோவொரு தீவு ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது. அவளுடைய கட்டுரையைப் படித்துவிட்டு, அலகைச் சத்திரசிகிச்சைத் தியேட்டருக்குள் வைத்தே எடுத்து ஒருவனைப் பிழைக்க வைத்திருந்தார்கள். அன்று குசினிக்குள் ஓடிவந்து போனை என் முகத்துக்கு முன்னால் பிடித்தாள். தோசை கருகியது.

பிறகு சல்லி, இலங்கைத்துறை என்று கரையோரத்து மீன்வாடி ஒவ்வொன்றாகப் போய் மீனவர்களிடம் சொன்னாள். சொன்னபின் எத்தனை பேர் பிடுங்காமல் வந்தார்கள் என்பது இரண்டாவது கட்டுரை. அவளோடு வேலை செய்த டொக்டர் தவராசா அதை முடித்துவைத்தார். அலகு ஏறிய கழுத்தோடு வந்து அவள் கையால் பிழைத்த மீனவர் இராசதுரை, படத்துக்கு மட்டும் மறுத்துவிட்டார்.

"நீர் ஒருக்கா வந்து கேளும்," என்றார் தவராசா. அவரோடு போனேன்.

சல்லியில் வாடிக்குள் உட்கார்ந்து இராசதுரை கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். மனைவி பத்மாசனி எங்களுக்குக் கதிரை போட்டார்.

"கண்ணுக்குக் கறுப்புப் பட்டி அடிப்பியளாம்," என்றார் இராசதுரை. "பேப்பரில கள்ளனுக்குத்தான் அப்பிடி அடிக்கிறது. நான் ஆரின்ர வலையைக் களவெடுத்தனான்?"

"என்ர அண்ணையின்ர நண்டுக்கூடு?" என்றார் பத்மாசனி.

"நீ சும்மா இரடி."

"ஆளை அடையாளம் தெரியக்கூடாது அண்ணை. அதுதான் அவையளின்ர முறை," என்றேன்.

"தெரியட்டுமே! பிடுங்க வந்தவங்களின்ர கையைத் தட்டிவிட்டது நான். கதைக்க ஏலாது, கையாலதான் காட்டினனான். டொக்டர் பிள்ளை சொன்னவ, பிடுங்கக்கூடாதெண்டு. முகம் இல்லாட்டி படமும் இல்லை."

தவராசா என்னைப் பார்த்தார். நான் போனை வெளியே எடுத்தேன்.

"கழுத்தை மட்டும் எடுப்பம். கண் வராது. பட்டியும் வராது."

"அப்ப அது ஆரின்ர கழுத்தெண்டு ஆருக்குத் தெரியும்?"

"தைச்சது டொக்டர் பிள்ளையெண்டு தெரியும்தானே," என்றார் பத்மாசனி. "அது போதாதே உங்களுக்கு?"

இராசதுரை வலையைக் கீழே வைத்தார். சேட்டின் மேல் பொத்தானைக் கழற்றிக்கொண்டு வெளிச்சத்துக்கு வந்தார்.

படம் எடுத்தேன். காயத் தழும்பைக் காணவில்லை. கிட்டப் போய் எடுத்தேன். அப்போதும் இல்லை. தழும்பு மறையும்படி கழுத்து மடிப்போடு சேர்த்தே தைத்திருந்தாள்.

"இதை அனுப்பினா, ஒப்பரேசனே நடக்கேல்ல எண்டுவாங்கள்," என்று தவராசா சிரித்தார். சிரித்துவிட்டுக் கடலைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

"நல்லாத் தைச்சதும் இப்ப பிழையோ?" என்றார் இராசதுரை.

பத்மாசனி வந்து இரண்டு விரலால் தோலை இழுத்துப் பிடித்தார். மடிப்பு விரிந்தது. தாடைக்குக் கீழே மெல்லிய வெள்ளைக் கோடு. கோணலே இல்லாத கோடு.

அவளுடைய வேலையை நான் எண்களாகத்தான் பார்த்திருக்கிறேன். எத்தனை கட்டுரை, எத்தனை மேற்கோள். கையால் செய்ததை இவ்வளவு கிட்ட நின்று பார்த்ததில்லை. நான் பார்த்து முடியும்வரை இராசதுரை மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார். நன்றி என்றேன். அவசரத்தில் இரண்டு முறை சொல்லிவிட்டேன்.

"பாத்தது காணும், எடும் தம்பி. கழுத்து நோகுது," என்றார்.

எடுத்தேன். பத்மாசனியின் விரல்களும் படத்தில் விழுந்திருந்தன. வெட்டிவிடலாம் என்றார் தவராசா. வெட்டாமல் அங்கே நின்றே சஞ்சிகைக்கு அனுப்பினேன்.