படிக்கட்டுப் பாட்டுக் குழு

மாலை வகுப்புக்காரர்களுக்குப் பல்கலைக்கழகத்தில் கிடைப்பதெல்லாம் பகல் மாணவர்கள் விட்டுவிட்டுப் போனதுதான். நாற்காலியில் சூடு ஆறியிருக்காது, பலகையில் யாரோ போட்ட கணக்கு பாதியில் நிற்கும், கழிவறையில் சோப்பு தீர்ந்திருக்கும். மன்றங்களிலும் அதே கதை. நாடக மன்றத்துக்கு ஓர் அறை, கிட்டார்காரர்களுக்கு ஓர் அறை, ஒரே நிறச் சட்டை போட்டுப் பாடும் பகல் குழுவுக்குப் பியானோவோடு ஓர் அறை. மாலைப் பாட்டுக் குழுவுக்கு வாய்த்தது வணிகவியல் கட்டடத்தின் பின்பக்கப் படிக்கட்டு.

நல்ல படிக்கட்டுதான், குறை சொல்லக் கூடாது. முணுமுணுத்தால்கூட மேல் மாடிவரை போய் நிறைந்து திரும்பும். வகுப்பு முடிந்ததும் ஏழெட்டுப் பேர் சாப்பாட்டுப் பையை ஓரமாக வைத்துவிட்டு ஆளுக்கொரு படியில் நிற்பார்கள். உயரத்தில் நர்ஸ் அக்கா. உச்சத்தில் பாடுவது அவள். நடுவில் பஸ் ஓட்டும் அண்ணன். அவர் குரல் பாதாளத்தில் இறங்கும். எல்லோருக்கும் கீழே, வாட்டர் கூலரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, கணக்கர் அலுவலகத்தில் வேலை பார்க்கும் நெட்டைப் பையன். அவனுக்குத் தூண் என்று பெயர் வைத்திருந்தார்கள். பாட்டென்றால் உயிர், ஆனால் மெட்டு அவனிடம் ஒரு வரிகூடத் தங்காது.

“தம்பி, நீ வாயை மட்டும் அசை. சத்தத்தை நாங்க பாத்துக்கிறோம்” என்று அண்ணன் அவனிடம் பக்குவமாகச் சொல்லியிருந்தார். தூணும் கோபப்படாமல் வாயை அசைத்தான்.

கண்ணாடிக் கடையில் வேலை செய்யும் பெண்ணைச் ‘சுருதிப்பெட்டி’ என்பார்கள். சுருக்கமாகப் பெட்டி. கடையில் மூக்குக்கண்ணாடிக்குத் திருகு போடும்போதே முடுக்கியாயிற்றா என்று இரண்டு தடவை பார்க்கிறவள் அவள். குரலும் பெரிய குரல் இல்லை. கூட்டத்தில் பாடினால் அவளுக்கே கேட்காது. ஆனால் எந்த வாத்தியமும் இல்லாமல், கண்ணை மூடி, கொஞ்ச நேரம் நின்று, முதல் சுரத்தை அவள்தான் எடுத்துக் கொடுப்பாள். அதைப் பிடித்துக்கொண்டு மற்றவர்கள் கிளம்புவார்கள். ஒரு நாளும் கூடியதில்லை, குறைந்ததில்லை. ஆரம்பத்தில் யாரோ கைப்பேசியில் சுருதி வைக்கலாம் என்றபோது, “நமக்குத்தான் ஆளே இருக்கே” என்று அண்ணன் மறுத்துவிட்டார். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் அவள் குழுவில் நின்றாள்.

ஒரே ஒரு சங்கடம். சில நாள் கண்ணை மூடியதும் சுரம் வந்துவிடும். சில நாள் நெடுநேரம் வராது. “பெட்டி இன்னும் சூடாகலை” என்று அண்ணன் கிண்டல் செய்வார். அவள் விடாமல் காரணம் தேடினாள். தூக்கம் குறைவா? வாய் ஓயாமல் பேசிய நாளா? வெந்நீர் குடித்துப் பார்த்தாள், குடிக்காமலும் பார்த்தாள். புழுக்கமான நாட்களில் சட்டென்று வருவதும், குளிர் நாட்களில் தாமதமாவதும் மட்டும் உறுதியாகத் தெரிந்தது. தன் தொண்டைக்கு வெயில் ஒத்துக்கொள்கிறது என்று முடிவு கட்டினாள்.

ஒரு மாலை, மன்றங்களுக்கெல்லாம் செயலாளராக இருந்த பகல் மாணவன் படிக்கட்டுக்கு வந்தான். வந்த வேலையைச் சொல்லக் கூச்சப்பட்டான்.

“அண்ணே, மேடையே ஏறாத குழுவையெல்லாம் பதிவிலேர்ந்து எடுக்கப்போறாங்க. வர்ற சனிக்கிழமை பெரிய அரங்கத்துல ஒரு பாட்டு பாடிக் காட்டுங்க. தேறிட்டீங்கன்னா பிரச்சினை இல்லை.”

“தேறலைன்னா?”

“வகுப்பு முடிஞ்சதும் கட்டடத்தைப் பூட்டிடுவாங்க. நீங்க இங்க நிக்க முடியாது.”

அவன் போன பிறகு நர்ஸ் அக்கா, “வீட்ல பாடினா பிள்ளைங்க கதவைச் சாத்துதுங்க. ஆஸ்பத்திரியில பாட முடியாது. எனக்கு இருக்கறது இந்தப் படிதான்” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். 

அந்த வாரம் முழுக்கப் பெட்டியின் வீட்டில் வெந்நீர் கொதித்தது.

“ஏண்டி, நீ பாடப்போறியா, ஆரம்பிச்சு வைக்கப்போறியா?” என்று அம்மா கேட்டாள்.

“ஆரம்பிச்சு வைக்கப்போறேன்மா.”

“அதுக்கே இவ்வளவு வெந்நீரா? முழுசாப் பாடினா நான் குளிக்கவே முடியாது போல.”

சனிக்கிழமை அரங்கத்தில் கனத்த திரைகள் தொங்கின, தரையில் கம்பளம். பேசிய பேச்சு காலடியிலேயே விழுந்தது. முன்வரிசையில் செயலாளரும், இசைத்துறை விரிவுரையாளர் ஒருவரும் உட்கார்ந்திருந்தார்கள். படிகள் இல்லாததால் எல்லோரும் ஒரே மட்டத்தில், புகைப்படத்துக்கு நிற்பவர்களைப் போல நின்றார்கள்.

பெட்டி கண்ணை மூடினாள். காத்திருந்தாள்.

வரவில்லை. வரும் என்று இன்னும் கொஞ்சம் நின்றாள். யாரோ தொண்டையைச் செருமினார்கள். கடைசியில் வாய்க்கு வந்த சுரத்தைக் கொடுத்தாள். அது உயரம் அதிகம், இரண்டாம் வரியிலேயே நர்ஸ் அக்காவின் குரல் கீச்சிட்டது. நிறுத்தி, இறக்கிக் கொடுத்தாள். அண்ணனின் குரல் அடித்தட்டைத் தாண்டி, வெறும் காற்றாக வந்தது.

“பரவாயில்லை, நிதானமா ஆரம்பிங்க” என்றார் விரிவுரையாளர். அவர் அன்பாகச் சொன்னதுதான் தாங்கவில்லை.

அப்போது பின்னால் தடாலென்று ஒரு சத்தம். தூண் வழக்கம்போல முதுகைச் சாய்க்கப் போய், சாய எதுவும் இல்லாமல், திரையோடு தடுமாறி விழுந்து எழுந்துகொண்டிருந்தான்.

“இங்க கூலர் இல்லைங்கறதை மறந்துட்டேன்” என்றான் அசட்டுச் சிரிப்போடு.

பெட்டிக்குச் சுரீர் என்றது. இந்த அரங்கத்தில் என்ன இல்லை என்று அப்போதுதான் அவள் காது கண்டுபிடித்தது. படிக்கட்டின் அடியில் அந்தக் கூலர் நின்று நின்று ஓடும். ஓடும்போது ஒரே சீராக ரீங்கரிக்கும். புழுக்க நாளில் அடிக்கடி ஓடும், குளிர் நாளில் அதற்கு வேலை குறைவு. இத்தனை நாள் அவள் கண்ணை மூடிக் காத்திருந்தது தன் தொண்டைக்காக அல்ல.

மற்றவர்களைக் கிட்டே அழைத்தாள். “நான் உங்களை ஏமாத்திட்டேன். எனக்கே தெரியாம. சுரம் என்னோடது இல்லை. கூலர் ஓடுற சத்தத்தைத்தான் எடுத்துக் குடுத்திருக்கேன். இங்க அது இல்லை, எனக்கு ஒண்ணும் வரலை.”

 அண்ணன் தாடையைச் சொறிந்தார்.

“அந்தச் சத்தமா?” என்றான் தூண். “அது எனக்கு முதுகுலயே இருக்கே.”

வாயை மூடிக்கொண்டு ரீங்கரித்தான். மெட்டு தங்காத அந்தத் தொண்டையில் ஒற்றைச் சுரம் ஆணி அடித்தாற்போல நின்றது. அதே கூலர், இறுதியில் வரும் சின்ன நடுக்கம்கூட இருந்தது. பெட்டி கண்ணை மூடி அதை வாங்கி, தன் சின்னக் குரலில் முதல் சுரமாகக் கொடுத்தாள். நர்ஸ் அக்கா மேலே ஏறினாள், அண்ணன் கீழே இறங்கினார், கம்பளமும் திரையும் விழுங்கியதுபோக மிச்சம் இருந்தது பாட்டாகவே இருந்தது. நிறுத்து என்று யாரும் சொல்லாததால் தூண் பாட்டு முடியும்வரை ரீங்கரித்துக்கொண்டே இருந்தான்.

விரிவுரையாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அடியில ஒரே சுரம் ஓடுதே, நல்லா இருக்கு. யாரோட யோசனை?”

“எங்க குழுவுல ஒருத்தர், இன்னிக்கு வர முடியலை” என்றார் அண்ணன். “கொஞ்சம் கனமான ஆளு.”

செயலாளர் பதிவில் ஒரு சரிக்குறி போட்டுவிட்டு, “தேறிட்டீங்க” என்றான்.

திங்கட்கிழமை படிக்கட்டில் பெட்டி தன் படியில் ஏறாமல் ஓரமாக நின்றாள். “இனிமே தூண் ஆரம்பிக்கட்டும். நான் எதுக்கு?”

“போடி இவளே” என்றாள் நர்ஸ் அக்கா. “நாள் பூரா யாராவது என்னை ஓடு ஓடுன்னு விரட்டறாங்க. நீ கண்ணை மூடிட்டு நிப்பே பாரு, அப்பதான் எனக்கு மூச்சே வருது. வந்து நில்லு.”

தூண் ஏற்கெனவே கூலரில் சாய்ந்துகொண்டிருந்தான். இனி சத்தமாகவே ரீங்கரிக்க அவனுக்கு முழு அனுமதி உண்டு. அந்தப் பெருமையில் சட்டையை இஸ்திரி போட்டு வந்திருந்தான்.

பெட்டி தன் படியில் ஏறிக் கண்ணை மூடினாள். மழை பெய்த நாள். கூலர் வாயே திறக்கவில்லை. தூண் நினைத்திருந்தால் அப்போதே சுரத்தைக் கொடுத்திருக்கலாம். அவனும் பேசாமல் நின்றான். அண்ணன் கைப்பிடியில் சாய்ந்துகொண்டார். நர்ஸ் அக்கா செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் விரல்களை நீட்டி மடக்கினாள்.

அவசரப்படுத்த ஒருவரும் இல்லை.