முதல் சூடு குழாய்க்கு

குளிர்ந்து கிடக்கும் குழாயில் சூடான கச்சா எண்ணெயை அனுப்புவது, பசித்தவர்கள் நடுவே சோற்றுப்பானையைத் தூக்கிக்கொண்டு போகிற கதைதான். முதலில் குழாய் தின்னும், பிறகு சுற்றியிருக்கும் மண் தின்னும், மிச்சம்தான் போய்ச் சேரும். எங்கள் எண்ணெய் முப்பது டிகிரிக்குக் கீழே போனால் மெழுகு மாதிரி உறைந்துவிடும். அதனால் இந்த முனையில் நான் எழுபதுக்குச் சூடாக்கி அனுப்புகிறேன். அந்த முனையில் வாங்கிக்கொள்பவர் என் தங்கை புருஷன்.

வீட்டில் எங்களுக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. எங்கள் அப்பாவின் பழைய காரை மாப்பிள்ளையைக் கேட்காமல் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டேனாம். ஓடாத காருக்கு என்ன கேள்வி? அன்றிலிருந்து போனில் அவருக்கு நான் வெறும் 'சார்'.

பழுதுபார்க்க நிறுத்தியிருந்த குழாயை நேற்றுத்தான் மறுபடி ஓட்டினோம். இன்று மதியம் போன் வந்தது.

"சார், முப்பத்தொண்ணுதான் காட்டுது. வால்வை மூடிரவா?"

மூடினால் ஓட்டம் நிற்கும். நின்ற எண்ணெய் வழி நெடுக உறையும். அப்புறம் குழாயைத் தோண்டித்தான் எடுக்க வேண்டும்.

"மூடாதீங்க. முதல்ல வர்றது அப்படித்தான் இருக்கும். குழாய் சூடேறிட்டா பின்னாடி வர்றது நல்லா வரும்."

"முப்பத்திரண்டுக்குக் கீழ போனா மூடணும்னு உத்தரவு. உங்க பேச்சைக் கேட்டு இங்க டேங்க்ல எண்ணெய் கட்டிருச்சுன்னா என் வேலை போயிரும்." பிறகு கேட்டார். "இதை சாரா சொல்றீங்களா, மச்சானா சொல்றீங்களா?"

சாராகச் சொன்னால் மூடிவிடுவார். உத்தரவும் அவர் பக்கம்தான். ரோஷத்தை விழுங்கினேன்.

"மச்சானா சொல்றேன், மாப்ள."

அவர் போனை வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை.

"முப்பதரை" என்றார். என் பக்க மீட்டரைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன், எழுபதில்தான் நின்றது.

"முப்பத்தொண்ணு." பிறகு, "முப்பத்திமூணு. ஏறுது."

அவர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. நான் விட்டது அவருக்கும் கேட்டிருக்கும்.

"மச்சான்."

"சொல்லுங்க மாப்ள."

"அந்தக் கார் ஓடியிருக்கும். பேட்டரிதான் போயிருந்துச்சு."

பதில் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. இப்போதுதான் சூடேறியிருக்கிறது, நிறுத்தக் கூடாது.

"இருக்கும் மாப்ள" என்றேன்.