கிராப்புக்குத் துணை

ஏழு கோழிகளை விட்டுவிட்டுச் செத்துப்போனாள் சலூன்காரரின் மனைவி. அவள் இருந்தவரை அவர் ஒரு நாளும் 'நம்ம கோழி' என்று சொன்னதில்லை. 'உன் கோழி என் செருப்புல அசிங்கம் பண்ணிடுச்சு' என்பார். அவள் போனதும் ஏழும் அவர் தலையில் விழுந்தன. கைநடுக்கம் வந்து கடையையும் ஏற்கெனவே மூடியிருந்தார். நேரமில்லை என்று தட்டிக்கழிக்கக்கூட வழியில்லாமல் போயிற்று.

கோழிக்குக் காவல் இருப்பது லேசான வேலை என்று நினைத்தார், பாவம். முதலில் கீரி வந்தது. கூண்டின் கம்பிவலைக்கு அடியில் மண்ணைப் பறித்து நுழைந்து, பட்டப்பகலில் இரண்டை முடித்துவிட்டுப் போனது. சுற்றிலும் செங்கல் பதித்தார். கீழே அடைத்ததும் மேலே திறந்தது. பருந்துக்கு எப்படித்தான் மூக்கில் வேர்த்ததோ, முற்றத்தில் மேய்ந்த மூன்றைப் பத்தே நாளில் தூக்கிவிட்டது. முடி வெட்டுவதிலும் இந்தத் தொல்லை உண்டு. ஒரு பக்கம் குறைத்தால் மறுபக்கம் நீளமாகத் தெரியும். முற்றம் முழுக்க வலை கட்டினார்.

ஆறாவது கோழி போனதற்குக் கீரியையோ பருந்தையோ சொல்ல முடியாது. ஒரு மத்தியானம் கூண்டுக் கதவின் கொக்கியை மாட்டிவிட்டதாக நினைத்து உள்ளே போய்ப் படுத்தார். நடுங்குகிற விரல் கொக்கியை வளையத்துக்குள் போடாமல் வெளியே தொங்கவிட்டிருந்தது. தெருநாய்க்கு அது போதும். திரும்பி வந்தபோது முற்றமெங்கும் இறகு. சவரக்கத்தி பிடித்த கை இது, எத்தனையோ கழுத்தில் ஒரு கீறல் விழாமல் காப்பாற்றிய கை என்று அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அன்றைக்கு அவர் சமைக்கவில்லை.

மிச்சம் இருந்தது கிராப்பு ஒன்றுதான். பிறவியிலேயே கழுத்தில் இறகில்லாத பெட்டை. பெயர் வைத்தவள் மனைவி. "உங்ககிட்ட முடி வெட்டிக்கிட்டு எழுந்து வந்த மாதிரியே இருக்கு" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அவள் கையால் தீனி தின்ற கடைசி உயிர். இதையும் பறிகொடுத்தால் தனக்கு மன்னிப்பே இல்லை என்று சலூன்காரர் முடிவுகட்டினார்.

அதன்பின் அந்தக் கூண்டு கோட்டையானது. கம்பிவலை இரட்டையானது. கொக்கி மூன்றானது. ஒவ்வொன்றையும் மாட்டியபின் இழுத்துப் பார்ப்பார், பத்தடி போய்த் திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்ப்பார். இனி எறும்பு நுழைவதானாலும் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் நுழைய வேண்டும். அப்படிப்பட்ட கோட்டைக்குள் கிராப்பு சாப்பிடாமல் கிடந்தது. மூலையில் உடம்பைக் குறுக்கிக்கொண்டு, மெலிதாக ஒரே சத்தத்தைத் திரும்பத் திரும்பப் போட்டது. அந்தச் சத்தம் அவருக்குப் பொறுக்கவில்லை. வீட்டுக்குள் அவருக்கும் வாய் இருந்தது. சத்தம் போடவில்லை, அவ்வளவுதான்.

தீவனக் கடைக்காரம்மாவிடம் போய் மருந்து கேட்டார். அவள் கேட்டுவிட்டு, மருந்து டப்பா பக்கமே திரும்பவில்லை.

"நோய் இல்லண்ணே. தனியா இருக்கு. கோழி ஒத்தையில பொழைக்காது. எங்க வீட்டுல பன்னெண்டு கெடக்கு, கொண்டாந்து விட்டுடுங்க."

அவர் மறுபடி மருந்து டப்பாவைப் பார்த்ததும், மனசு வரவில்லை என்றால் ஒரு கண்ணாடியையாவது வைத்துப் பாருங்கள், சிலது ஏமாந்துவிடும் என்றாள்.

கண்ணாடிக்கா பஞ்சம்? கடைக் கண்ணாடி படுக்கையறையில் போர்வை சுற்றி, சுவரைப் பார்த்தபடி இருந்தது. அதைத் திருப்பிவைக்க அவருக்குத் தைரியம் வந்ததில்லை. கடையில் அது வாசலுக்கு நேர் எதிரே இருந்தது. முப்பது வருஷம், தினமும் மத்தியானம், வாசல் திரை விலகி மனைவி சாப்பாட்டுத் தூக்கோடு வருவது அதில்தான் தெரியும். "வந்துட்டியா" என்று கண்ணாடியைப் பார்த்துச் சொல்வார். அவளும் கண்ணாடிக்கே பதில் சொல்லிவிட்டுத் தூக்கைப் பெஞ்சில் வைத்துவிட்டுப் போவாள். ஒருநாள் மட்டும் கேட்டாள்: "ஒரு தடவை திரும்பிப் பார்த்துப் பேசினா என்னங்க, கழுத்து சுளுக்கிக்குமா?" துணி போர்த்தி உட்கார்ந்திருந்த வாடிக்கையாளர் சிரித்தார். இவரும் சிரித்தார். திரும்பவில்லை. திரும்பியிருக்கலாம்.

கண்ணாடியை இழுத்துக்கொண்டு போய்க் கூண்டுக்குள் சாய்த்தார். கிராப்பு எழுந்து வந்து பார்த்தது. எதிரே இன்னொரு மொட்டைக் கழுத்து. கொஞ்ச நேரத்தில் இரண்டு கழுத்தும் குனிந்து ஒரே தட்டில் கொத்தின. சலூன்காரருக்கு உயிர் வந்தது. முக்காலியைப் போட்டுக் கோழிக்குப் பின்னால் உட்கார்ந்து, பழைய பழக்கத்தில் கண்ணாடியைப் பார்த்து அதனிடம் பேச ஆரம்பித்தார். வெயிலைப் பற்றிப் பேசினார், முழங்கால் வலியைப் பற்றிப் பேசினார். சந்தோஷம் என்றே சொல்லலாம். நாலு நாள் நீடித்தது.

ஐந்தாம் நாள் கிராப்பு கண்ணாடியின் விளிம்பை எட்டிப் பார்த்தது. மெல்ல நடந்து பின்பக்கம் போனது. அங்கே பலகையும் ஒட்டடையும்தான் இருந்தன. முன்னால் வந்தது. அந்தக் கோழி இருந்தது. பின்னால் போனது. இல்லை. அன்று முழுக்க அது சுற்றிக்கொண்டே இருந்தது, தட்டில் போட்டது போட்டபடி கிடந்தது. சலூன்காரர் முக்காலியை விட்டு எழுந்து குனிந்தார். "அங்க யாரும் இல்லம்மா" என்று இந்தத் தடவை கண்ணாடியை விட்டுவிட்டுக் கோழியிடமே சொன்னார்.

மறுநாள் காலை கிராப்பைக் கையில் அணைத்துக்கொண்டு தீவனக் கடைக்குப் போனார். கடையை ஒட்டியே வீடு. தெருவோரம் கம்பிவலை அடித்த முற்றம். உள்ளே பன்னிரண்டும் கலகலவென்று கிளறிக்கொண்டிருந்தன. கிராப்பை இறக்கி விட்டதும் ஒரு கிழட்டுப் பெட்டை வந்து மண்டையில் ஒன்று போட்டது. கிராப்பு அலறிக்கொண்டு அவர் நின்ற வேலியோரம் ஓடி வந்து ஒட்டிக்கொண்டது.

"இது அப்படித்தாண்ணே இருக்கும், ரெண்டு நாள்ல சரியாயிடும். நீங்க நிக்காதீங்க. நீங்க நின்னா அது உங்ககிட்டயேதான் நிக்கும். திரும்பிப் பார்க்காம போயிடுங்க."

சரி என்று நடந்தார். முதுகுக்குப் பின்னால் அந்தப் பழைய சத்தம் கேட்டது. முப்பது வருஷம் திரும்பச் சோம்பல்பட்ட கழுத்து, இப்போது திரும்பு திரும்பு என்று கெஞ்சியது. பல்லைக் கடித்துக்கொண்டு எட்டு வைத்தார். ஒவ்வொரு எட்டுக்கும் சத்தம் தேய்ந்துகொண்டே வந்து, ஒரேயடியாக நின்றுபோனது.

நின்றதுதான் பயமாக இருந்தது. தெருமுனையில் யாரோ பைக்கை நிறுத்திவைத்திருந்தார்கள். அதன் பக்கக் கண்ணாடியை நடுங்கும் விரலால் கொஞ்சம் சாய்த்துக் குனிந்து பார்த்தார். உள்ளங்கை அளவுக் கண்ணாடியில் தெரு, கம்பிவலை, அதற்குப் பின்னால் தீனித்தொட்டி. தொட்டியைச் சுற்றிக் குனிந்த முதுகுகள். அவற்றின் ஓரத்தில், கொஞ்சம் தள்ளி, ஒரு மொட்டைக் கழுத்து தானும் குனிந்துகொண்டிருந்தது.

"சேர்ந்துட்டியா" என்றார் கண்ணாடியைப் பார்த்து.

பிறகு, பைக்குக்காரருக்குக் கோணல் ஆகிவிடக் கூடாதே என்று கண்ணாடியை முன்பு இருந்தபடி திருப்பிவைத்துவிட்டு, தீனி போட யாரும் இல்லாத வீட்டுக்கு நடந்தார்.