மஞ்சள் அட்டை

என் தங்கை மகள் சிட்டுவுக்கு ஆட்டிசம் உண்டு. நினைத்தது நினைத்தபடி நடக்காவிட்டால் அவளுக்கு உலகமே இடிந்து விழுந்ததுபோல் ஆகிவிடும். அதனால் அன்றன்று நடக்கப்போவதைப் படங்களாகச் சின்னப் பலகை ஒன்றில் வரிசையாக ஒட்டி வைப்பாள் தங்கை. சில நாள் வேண்டுமென்றே ஒரு படத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மஞ்சள் அட்டையை ஒட்டி, "மாறிடுச்சு" என்பாள். ரொட்டி போய் ஐஸ்கிரீம் வரும்.

"ஐஸ்கிரீம் கொடுத்தா எந்தப் பிள்ளை அழும்? இதெல்லாம் ஒரு பயிற்சியா?" என்று கேலி செய்தேன்.

"முதல்ல சந்தோஷமான மாற்றத்துல பழகட்டும்ண்ணா. கஷ்டமானது சொல்லாம கொள்ளாம வரும்."

அப்படித்தான் வந்தது. நேற்று நீச்சல்குளத்துக்குப் போனால், குழாய் உடைந்துவிட்டதென்று கதவைப் பூட்டியிருந்தார்கள். சிட்டு காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்து அலறினாள். நான் காவலாளியிடம் எகிறினேன்.

"முன்னாடியே சொல்ல வாயில்லையா உங்களுக்கு?"

தங்கை பையிலிருந்த பலகையையும் மற்றப் படங்களையும் மஞ்சள் அட்டையையும் மகள் பக்கத்தில் வைத்துவிட்டு, வேடிக்கை பார்த்தவர்களைப் பொருட்படுத்தாமல் காத்திருந்தாள். அந்தப் பொறுமை எனக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது. அலறல் விம்மலாகி ஓய்ந்தது. சிட்டு தானே நீச்சல் படத்தைப் பிய்த்தெடுத்து, அங்கே மஞ்சள் அட்டையை ஒட்டி, பக்கத்தில் ஊஞ்சல் படத்தை வைத்தாள்.

நான் இன்னும் கத்திக்கொண்டிருந்தேன். அவள் எழுந்து வந்து, மஞ்சள் அட்டையை என் சட்டைப்பையில் செருகினாள்.

"மாமா, மாறிடுச்சு."