ஒரு மாடி குறையுது

கிட்டாரின் மூன்றாவது கம்பியின் நாலாவது கோட்டில் விரலை அழுத்திக்கொண்டு இரண்டாவது கம்பியைச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தவள், முறுக்காணியை அப்படியே விட்டுவிட்டாள்.

"அடி சக்கை!"

படுக்கையறையிலிருந்து மகள் எட்டிப் பார்த்தாள். கையில் தண்ணீர்க் கரண்டி. "என்னம்மா?"

"மத்த கம்பியெல்லாம் அஞ்சாவது கோட்டுல வச்சுதானே சேர்க்கறேன்? இது ஒண்ணு மட்டும் நாலு! தினம் இதே கையால செய்யறேன், மண்டையில ஏறலையே!"

"அம்மா, டாக்டர் நேத்து என்ன சொன்னாரு? அப்பா இன்னிக்குப் பொழுதைத் தாண்டினாலே பெரிசுன்னாரு. இப்பப் போயி..."

"அதுக்குத்தாண்டி அவசரப்படறேன்."

மூன்றே வகுப்போடு மகள் கைகழுவி அலமாரி மேல் ஏற்றிய கிட்டார் அது. நாற்பது வருஷம் தையல் மெஷின் மிதித்தவள், கணவர் படுக்கையில் விழுந்ததும் அதை இறக்கித் துடைத்தாள். வீடு சத்தமே இல்லாமல் கிடக்கிறது என்று அவர் குறைப்பட்டதுதான் காரணம். ஃபோனில் பாடம் பார்த்துச் சுர இடைவெளிகளைப் பழகினாள். அவள் இரண்டு சுரம் மீட்டுவாள். முதல் சுரத்தை ச என்று வைத்துக்கொண்டு, அடுத்தது எத்தனையாவது என்று அவர் விரல் காட்டுவார். க என்றால் மூன்று, ப என்றால் ஐந்து.

அவருக்குச் சங்கீதம் தெரியாது. ஆயுசு முழுக்க லிஃப்ட் பழுது பார்த்தவர். கிட்டார் கழுத்தில் இருந்த உலோகக் கோடுகளை மாடி என்பார். அடுத்த கம்பியில் இரண்டு கோடு மேலே தள்ளிப் பிடித்தால் ப வரும் என்று பாடத்தில் சொல்லியிருந்தது. மற்ற கம்பிகளில் வந்தது. மூன்றாவதிலிருந்து இரண்டாவதுக்குத் தாவும்போது மட்டும் கோணலாகக் கேட்டது.

"டெய்லரம்மா, லிஃப்ட் ஒரு மாடி கீழ நின்னுடுச்சு" என்று ஐந்து விரலையும் விரித்து, கையைக் கவிழ்ப்பார். பதினைந்து நாளாக இதே கேலி.

இன்னொரு வழக்கும் தீராமல் கிடந்தது. அவர்கள் மாடிக்கு லிஃப்ட் வரும்போது அடிக்கும் இரண்டு சுர மணி. அவர் மூன்று என்பார், அவள் நாலு என்பாள்.

"அந்த மணியை மாட்டினவனே நான்தான்."

"மாட்டினா? ஜாக்கெட்டுக்கு ஊக்கு வச்சவளுக்கெல்லாம் போட்டுக்கிறவ மனசு தெரியுமா?"

இன்று அவர் பேசவில்லை. மூச்சு மட்டும் விட்டு விட்டு வந்தது. அவள் கட்டிலருகே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஏங்க, கண்டுபிடிச்சிட்டேன். தப்பு என் காதுல இல்ல, கையிலயும் இல்ல. இந்த ரெண்டு கம்பிக்கு நடுவுல மட்டும் ஒரு மாடி கம்மியா கட்டியிருக்கான். அதனால நான்தான் ஒரு மாடி ஏறணும்."

"அம்மா, அப்பாவுக்குக் கேக்குதோ என்னவோ."

"கேக்கும். தேஞ்ச சக்கரமே கேக்கும் அவருக்கு. முதல்ல பழைய கோணலைக் கேளுங்க."

மீட்டினாள். போர்வை மேல் கிடந்த கையில் விரல்கள் விரிந்தன. கை கொஞ்சமாய்க் கவிழ்ந்தது.

"பாத்தியா! பாத்தியா!" என்று மகளின் தோளைத் தட்டினாள். மகள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"இப்பப் பாருங்க." சுண்டுவிரலை ஒரு கோடு தள்ளி நீட்டினாள். இரண்டு சுரமும் ஒன்றோடொன்று போய்ப் பொருந்தி, அறை முழுக்க நின்றன.

கை மெல்லத் திரும்பியது. உள்ளங்கை மேலே பார்க்க, ஐந்து விரல்களும் விரிந்தன. கவிழவில்லை.

"அஞ்சு! அஞ்சு காட்டிட்டாரு! பதினஞ்சு நாள் என்ன பாடு படுத்தினீங்க!" முகமெல்லாம் சிரிப்பாக மறுபடி மீட்டினாள். மறுபடியும்.

மகள்தான் முதலில் கவனித்தாள். விரல்கள் விரிந்தபடியே இருந்தன. மடங்கவில்லை. மகள் குனிந்து அவர் மூக்கருகே கையை வைத்துப் பார்த்தாள். பிறகு அம்மாவின் கையைப் பிடித்துக் கம்பிகளின் மேல் அழுத்தினாள். சத்தம் நின்றது.

சாயங்காலம் இரண்டு ஆட்கள் ஸ்ட்ரெச்சரோடு வந்தார்கள். வாசலில் நான்கு பேருமாக லிஃப்டுக்குக் காத்து நின்றார்கள். கீழிருந்து அது ஏறி வருவது கேட்டது. வந்து நின்றது. மணி அடித்தது, இரண்டு சுரம்.

மகள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

ஸ்ட்ரெச்சரின் கம்பியைப் பிடித்திருந்த கையை எடுக்காமலே, அம்மா மூன்று விரலை நீட்டினாள்.