நிரஞ்சனா தேர்ந்தெடுத்த கூலர்

ரத்னவேல் வீட்டில் எதையும் உரிக்க மாட்டார்கள். டிவி ரிமோட் கடையில் வந்த உறையோடுதான் இருக்கும். உள்ளே எண்கள் தெரியாமல் போனாலும் உறை போகாது. ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வந்த பிளாஸ்டிக் தாள் ஓரமெல்லாம் சுருண்டு கறுத்துவிட்டது, ஆனாலும் கை வைக்கக் கூடாது. வாங்கிய சாமான்களின் அட்டைப் பெட்டிகள் உள்ளே வந்த தெர்மாகோலோடு, குண்டு விழுந்தால் ஒதுங்க வீட்டுக்குள்ளேயே கட்டித் தந்திருக்கும் பாம் ஷெல்டர் அறையில் கூரை வரை அடுக்கியிருந்தன. நாளைக்கே சிங்கப்பூரில் குண்டு விழுந்தால் ஆங் மோ கியோவில் அந்தக் குடும்பம் மட்டும் ஷெல்டருக்கு வெளியேதான் நிற்க வேண்டும். "விக்கும்போது பாக்ஸ் கேப்பாங்க லா" என்பான் ரத்னவேல். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அவன் ஒரு ஸ்பூனைக்கூட விற்றதில்லை.

அவன் மனைவி நிரஞ்சனா இதற்காகச் சண்டை போடுவதை நிறுத்தி ரொம்ப நாளாயிற்று. வீட்டிலிருந்தே கல்யாண வீடியோக்களைத் தொகுத்துக் கொடுப்பது அவள் தொழில். எட்டு வருஷமாக ஊரார் மாலை மாற்றுவதையும் சாப்பிடும்போது கேமராவைப் பார்த்து அசடு வழிவதையும் வெட்டி ஒட்டி அலுத்துப் போயிருந்தாள். அப்போதுதான் குவீன்ஸ்டவுனில் இருக்கும் ஓர் ஆவணப்பட நிறுவனத்திலிருந்து சேவியர் என்பவர் கூப்பிட்டார். அவர் தரும் காட்சிகளை நாற்பது நிமிடப் படமாக்கி, திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் அனுப்ப வேண்டும். பிடித்திருந்தால் நிரந்தர வேலை, படத்தில் அவள் பெயரும் வரும். அந்த ஃபோனை வைத்த பிறகு அவள் அரை மணி நேரம் சும்மாவே சமையலறையில் நடந்துகொண்டிருந்தாள்.

வேலை வந்தது, கம்ப்யூட்டர்தான் மல்லுக்கு நின்றது. முழுப் படத்தையும் ஒரே கோப்பாக மாற்றச் சொன்னால் பிராசஸர் நூறு டிகிரிக்குக் கொதித்துத் தானாக அணைந்துவிடும். பிராசஸரோடு இனாமாக வந்த குட்டி விசிறியால் அந்தச் சூட்டைச் சமாளிக்க முடியவில்லை. நல்ல கூலராக ஒன்று தனியே வாங்கி மாட்டியாக வேண்டும்.

"வாட்டர் கூலிங் போட்டுடலாம்" என்றான் ரத்னவேல். அவன் ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பிரிவில் பத்தொன்பது வருஷமாக இருக்கிறான். சொந்தக்காரர் வீட்டு வைஃபை படுத்தாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள், அதனால் இந்த விஷயத்தில் மற்றவர் வாய் திறப்பது அவனுக்குப் பிடிக்காது.

நிரஞ்சனா வாய் திறந்தாள். தண்ணீர் வேண்டாம், காற்றே போதும் என்றாள். பத்து நாளாக அவள் இதைப் பற்றியே படித்திருந்தாள். தையல் டேப்பை எடுத்துக் கம்ப்யூட்டர் பெட்டியின் உள்ளே அளந்து, நூற்று ஐம்பத்தெட்டு மில்லிமீட்டருக்கு மேல் உயரமான கூலர் வைத்தால் பக்கக் கதவு மூடாது என்று கண்டுபிடித்திருந்தாள். எல்லோரும் புகழ்ந்த ஒரு கூலரை ஏழு மில்லிமீட்டர் கூடுதல் என்று தள்ளினாள். இன்னொன்றின் விசிறி பக்கத்திலிருக்கும் ரேம் அட்டைகளை இடிக்கும். மூன்றாவது நன்றாகக் குளிர்விக்கும், ஆனால் சத்தம் ஜாஸ்தி. நாள் முழுக்க மனிதக் குரல்களைக் கேட்டு வெட்டுகிறவளுக்கு அது ஆகாது. கடைசியில் நூற்று ஐம்பத்து நான்கு மில்லிமீட்டரில், ஆறு செப்புக் குழாய்களோடு, ஒற்றை விசிறி வைத்த கூலர் ஒன்றைக் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேரில் தேடிப் பிடித்து வாங்கி வந்தாள்.

சனிக்கிழமை சிராங்கூன் ரோடு கோயிலில் அவளுக்கு ஒரு கல்யாணப் படப்பிடிப்பு இருந்தது. "நான் வந்து மாட்டிக்கிறேன், தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். திரும்பி வந்தபோது கூலர் மாட்டியாகிவிட்டிருந்தது. ரத்னவேல் கையைத் துடைத்துக்கொண்டு ஜம்மென்று உட்கார்ந்திருந்தான்.

"உனக்கு ஏன் கஷ்டம்னு நானே முடிச்சுட்டேன்."

படத்தை ஓடவிட்டாள். நான்கே நிமிடத்தில் நூறு டிகிரி. திரை கறுத்தது. முன்பு இருபது நிமிடமாவது தாங்கும்.

"ஒரு தடவை கழட்டிப் பார்ப்போமா?"

"என்னை டவுட் பண்றியா? நைன்டீன் இயர்ஸா இதான் என் வேலை. அப்பவே வாட்டர் கூலிங்னு சொன்னேன், கேட்டியா? இதை யாரு செலக்ட் பண்ணா?"

அவள்தான் செலக்ட் பண்ணினாள். பழைய விசிறியையாவது திரும்ப வையுங்கள் என்றாள். கழற்றும்போது அதன் கொக்கி உடைந்துவிட்டதாம். ஞாயிறு முழுக்கக் கம்ப்யூட்டரின் பக்கக் கதவைத் திறந்து, மேசை விசிறியை அதற்கு நேராக வைத்து, படத்தைத் துண்டு துண்டாக வெளியே எடுக்கப் பார்த்தாள். பாதி கூடத் தேறவில்லை. திங்கள் காலை ஒன்பதே முக்காலுக்குச் சேவியருக்கு எழுதினாள்: கூலர் தேர்வில் தவறு செய்துவிட்டேன், முழுக்க என் பிழை, இரண்டு நாள் கிடைக்குமா? மத்தியானம் பதில் வந்தது. வேறொருவர் நேரத்துக்குக் கொடுத்துவிட்டாராம், வாழ்த்துகளாம்.

செவ்வாய்க்கிழமை அவள் தேக்கா மார்க்கெட்டுக்குப் போய் வந்தபோது கம்ப்யூட்டர் சொன்ன பேச்சு கேட்டது. என்ன வேலை கொடுத்தாலும் அறுபத்தெட்டு டிகிரியைத் தாண்டவில்லை. "செட்டிங்ல சின்ன சேஞ்ச் பண்ணேன்" என்றான் ரத்னவேல், ஃபோனைப் பார்த்தபடி. அவள் நன்றிகூடச் சொன்னாள்.

அடுத்த மூன்று வாரம் கேட்டவர்களிடமெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டாள். தெரியாத விஷயத்தில் மூக்கை நுழைத்தேன், கைக்கு வந்த வேலை போச்சு என்றாள். அப்போதெல்லாம் ரத்னவேல் பக்கத்திலேயேதான் இருந்தான். "விடும்மா, எல்லாருக்கும் நடக்கிறதுதான்" என்று பெருந்தன்மையாகச் சொல்வான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்லண்ட்ஸிலிருந்து அவன் தம்பி ஜெய் சாப்பிட வந்தான். புதுக் கம்ப்யூட்டருக்கு என்ன கூலர் போடலாம் என்று அண்ணனைக் கேட்டான்.

"ஏர் கூலரே போதும்டா. அண்ணிக்கு ஒண்ணு செலக்ட் பண்ணிப் போட்டேன், சூப்பரா ஓடுது. நிரஞ்சனா, அந்த பாக்ஸை எடுத்துட்டு வாயேன், மாடல் பார்க்கட்டும்."

ஷெல்டருக்குள் நின்றபடியே நிரஞ்சனா பெட்டியைத் திறந்தாள். மிஞ்சிய திருகாணிகள், கையேடு, அதற்கு அடியில் நாலாக மடித்த ஒரு பிளாஸ்டிக் தாள். பிரித்தாள். 'மாட்டும் முன் உரிக்கவும்' என்று ஆங்கிலத்திலும் சீனத்திலும் சிவப்பில் அச்சடித்திருந்தது. அதன் மேலேயே, சூட்டைக் கடத்துவதற்காகப் பிராசஸர் மேல் தடவும் சாம்பல் நிறப் பசை வட்டமாக அப்பிக் காய்ந்திருந்தது. கூலரின் அடித்தட்டில் ஒட்டி வரும் தாள் இது. உரிக்காமல் அப்படியே பிராசஸர் மேல் உட்கார வைத்திருக்கிறான், சூடு கூலருக்கு ஏறவே இல்லை. செவ்வாய்க்கிழமை கழற்றிப் பார்த்து, விஷயம் தெரிந்து, உரித்திருக்கிறான். தூக்கிப் போட மனசு வராமல் பெட்டியிலேயே பத்திரப்படுத்தி, அதை மறந்தும் போயிருக்கிறான்.

அவளுக்குக் கோபம் வந்தது. உரிக்க மறந்ததற்காக அல்ல. மறதி யாருக்கும் வரும். மூன்று வாரமாக அவள் தன்னைத்தானே திட்டிக்கொண்டபோது அதைக் கேட்டுக்கொண்டு சோறு சாப்பிட்டானே, அதற்காக.

பெட்டியை ஜெய்யிடம் கொடுத்தாள். தாளை ரத்னவேலின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"நல்ல கூலர் ஜெய், நம்பி வாங்கு. அளந்து பார்த்து நான் வாங்கினது. மாட்டும்போது இதை மட்டும் உரிச்சுடு. உங்க அண்ணன் செவ்வாய்க்கிழமைதான் உரிச்சாரு. எனக்குத் திங்கக்கிழமை தேவைப்பட்டுச்சு."

ஜெய் தாளைப் பார்த்தான், அண்ணனைப் பார்த்தான், பிறகு சோற்றைப் பார்த்தான்.

"சொல்லணும்னுதான் இருந்தேன்" என்றான் ரத்னவேல். "நீ அப்செட் ஆவியேன்னு..." பேசிக்கொண்டே அவன் கை தன்பாட்டுக்குத் தாளை எடுத்து, பழைய மடிப்பிலேயே மடித்துப் பெட்டிக்குள் போடப் போயிற்று.

நிரஞ்சனா அதை வாங்கிக்கொண்டாள். சமையலறைக்குப் போய், தாளைப் பிரித்து, நான்கு மூலையிலும் செலோடேப் போட்டு ஃபிரிட்ஜ் கதவில் அவன் கண்ணுக்கு நேராக ஒட்டினாள். அந்த வீட்டில் அதை யாரும் உரிக்க மாட்டார்கள்.