ராசாத்திக்காகப் பேச வேண்டியது

ராசாத்தி செத்த வாரத்திலேயே ஆலையின் அறிவிப்புப் பலகையில் ஒரு தாளை ஒட்டிவிட்டார்கள். ‘சாலையைக் கவனக்குறைவாகக் கடந்ததால் நம் சக ஊழியர் ஒருவரை இழந்தோம். அனைவரும் எச்சரிக்கையாக இருக்கவும்’ என்று அதில் இருந்தது. முனிலட்சுமி அந்தத் தாளின் முன்னால் நின்றவள் நகரவே இல்லை. பின்னால் வந்த பெண்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அழுகிறாள் என்று நினைத்திருப்பார்கள். அவளுக்கு வந்தது அழுகை இல்லை.

இருவரும் மத்தூர்ப் பக்கத்துக்காரர்கள். வண்டிகளுக்கு ஒயர் கட்டும் அந்த ஆலையில் ஒரே மேசையில் பல வருஷமாக எதிரெதிரே நின்று வேலை செய்தவர்கள். ஒரே கம்பெனி பஸ்ஸில் வந்து போனவர்கள். அந்தப் பஸ் கிருஷ்ணகிரி தாண்டி ஓசூர் ரோட்டில் வரும். ஆலை இருப்பதோ எதிர்ப்பக்கம். முன்பெல்லாம் பஸ் நேரே போய், சுரங்கப்பாலத்தில் திரும்பி, ஆலை வாசலிலேயே ஆட்களை இறக்கிவிடும். போன வருஷம் அதே பஸ்ஸை ஓசூர் ஆட்களுக்கும் அனுப்ப ஆரம்பித்தார்கள். திரும்பி வர நேரமில்லை என்று அன்றிலிருந்து எதிர்ப்பக்கமே இறக்கிவிட்டார்கள். லாரியும் காரும் பறக்கிற நெடுஞ்சாலையை, நடுத்தடுப்பில் இருக்கிற சந்து வழியாக, பனிமூட்டத்தில் பெண்கள் ஓடிக் கடக்க வேண்டும். ராசாத்தி அந்தச் சந்துக்கு வந்துசேரும் முன்பே கார் அடித்துவிட்டது.

மனிதவளப் பிரிவின் ராஜசேகர் முனிலட்சுமியைக் கூப்பிட்டுவிட்டான். கெட்டவன் இல்லை. ராசாத்தியை ஏற்றிய ஆம்புலன்ஸில் கூடவே போனவன்.

“வெள்ளிக்கிழமை கேன்டீன்ல இரங்கல் கூட்டம் வெச்சிருக்கோம். அவங்க கூடவே வேலை செஞ்சவங்க நீங்க. அஞ்சு நிமிஷம் பேசுங்க.”

“என்னா சார் பேசறது?”

“மூணு விஷயம் போதும்மா. முதல்ல அவங்க குணம். அப்புறம் கம்பெனி செஞ்ச உதவி. கடைசியா ரோட்டுல எல்லாரும் ஜாக்கிரதையா இருக்கணும்னு ஒரு வார்த்தை. இந்த வரிசையில போனீங்கன்னா நல்லபடியா முடிஞ்சுரும்.”

நல்லபடியா முடிஞ்சுரும். அந்தச் சொல் பஸ்ஸில் வீடு வரைக்கும் அவள் காதில் இரைந்துகொண்டே வந்தது. யாருக்கு நல்லபடியா?

பேசுவதில்லை என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் அவள் பேசாவிட்டால் வேறு யாராவது அந்த மூன்று விஷயத்தையும் அதே வரிசையில் பேசுவார்கள். அதனால் பேசுவது என்று முடிவு பண்ணினாள். உதவியும் வேண்டாம், ஜாக்கிரதையும் வேண்டாம். ராசாத்தியின் குணத்தைச் சொல்லி, பிறகு பஸ் விஷயத்துக்கு வர வேண்டும். ராகிக் களி கிண்டிக்கொண்டே புருஷன் கோபியிடம் பேசிக் காட்டினாள். மாதக்கடைசியில் கையில் ஒன்றும் இல்லாதபோதும் ராசாத்தி எல்லாருக்கும் சேர்த்துப் புளிசோறு கட்டி வந்ததைச் சொன்னாள். புதிதாக வந்த பிள்ளைகளின் கைவிரல் வீங்கினால் அவர்கள் கட்ட வேண்டிய ஒயரையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்ததைச் சொன்னாள். அவள் சிரித்தால் சூப்பர்வைசரும் சேர்ந்து சிரிப்பதைச் சொன்னாள். பிறகு பஸ்ஸைப் பற்றியும் சொல்லி முடித்தாள்.

கோபி துண்டால் கண்ணைத் துடைத்தான். “நல்லா இருக்குது முனி. எல்லாரும் அழுவாங்க.”

“பஸ்ஸைப் பத்தி என்னா சொன்னேன்?”

“பஸ்ஸா?” அவன் விழித்தான். “அதுல நான் சரியா கவனிக்கல. அந்தப் புளிசோத்துலயே நின்னுட்டேன்.”

முனிலட்சுமி அடுப்பை அணைத்தாள். ராஜசேகர் குணத்தை முதலில் வைக்கச் சொன்னது ஏன் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அழ வைத்துவிட்டால் போதும். அதற்குப் பிறகு எதைச் சொன்னாலும் யார் காதிலும் ஏறாது. எல்லாரும் மனசு லேசாகி டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

மறுநாள் பஸ்ஸில் ஸோயாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஸோயா கிருஷ்ணகிரிப் பெண், வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அன்றைக்கு ராசாத்திக்குப் பின்னால் நின்றிருந்தவள் அவள்தான்.

“அவ பார்க்காம ரோட்டுல எறங்குனாளா? உள்ளதைச் சொல்லு.”

ஸோயா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு பேசினாள். “பார்த்தாங்க அக்கா. நான்தான் கால் வெச்சேன். என்னைக் கைய நீட்டித் தடுத்தாங்க. லாரி போற வரைக்கும் நின்னாங்க. அப்புறம் எறங்குனாங்க. லாரிக்குப் பின்னால பனியில ஒண்ணும் தெரியல, அந்தக் கார்… லைட்டே போடாம வந்துச்சு.”

“இதைக் கூட்டத்துல சொல்றியா?”

“என்னால முடியாது அக்கா. எங்க அத்தா வாயே தொறக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு. என்னை இன்னும் பர்மனென்ட் பண்ணல.”

முனிலட்சுமி அவளை வற்புறுத்தவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவள் சொல்ல வேண்டியது மனசுக்குள் தானாக வரிசைக்கு வந்தது. முதலில் பஸ் எங்கே நிற்கிறது என்பது. அடுத்தது, குறை கேட்கும் கூட்டத்தில் ராசாத்தியே எழுந்து, “இப்பிடி விட்டா ஒருத்தர் இல்லாட்டி ஒருத்தர் அடிபடுவோம் சார்” என்று கேட்டது. “பார்க்கலாம்மா” என்று பதில் வந்ததை முனிலட்சுமி பக்கத்தில் இருந்து கேட்டவள். கடைசியாக, அவள் பார்த்துத்தான் இறங்கினாள் என்பது. குணத்துக்கு இதில் இடமில்லை. குணம் கெட்டவளாக இருந்தாலும் அவளைக் கார் முன்னால் இறக்கிவிட யாருக்கும் உரிமை இல்லையே.

கோபி பயந்தான். “வேலையை விட்டு நிறுத்திட்டாங்கன்னா?”

“நாளைக்கு நானும்தான அங்க எறங்கணும்? அப்ப என்னையும் கவனக்குறைவுன்னு எழுதி ஒட்டுவாங்க. எனக்கு இரங்கல் கூட்டம் வெச்சா நீ போய் முன் வரிசையில உக்காந்துக்குவியா?”



வெள்ளிக்கிழமை கேன்டீனில் பெஞ்சுகளை ஓரம் தள்ளிப் பந்திபோல நாற்காலி போட்டிருந்தார்கள். ராசாத்தியின் படத்துக்குச் சம்பங்கி மாலை. முன் வரிசையில் மேலாளர்களுக்கு நடுவில் அவள் புருஷன் கோவிந்தப்பன் வெள்ளைச் சட்டையில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தான். முதலில் பேசிய மேலாளர் நல்ல தமிழில், நிதானமாகப் பேசினார். “ஒரு நொடிக் கவனக்குறைவு ஒரு குடும்பத்தையே நிர்க்கதி ஆக்கிவிட்டது” என்றார்.

கோவிந்தப்பன் தலையைக் குனிந்துகொண்டான். பொண்டாட்டி செய்த தப்புக்குத் தான் மன்னிப்புக் கேட்பது மாதிரி, கையைக் கட்டிக்கொண்டு குனிந்தான்.

முனிலட்சுமிக்கு உடம்பெல்லாம் தீப்பிடித்தது. மைக் முன்னால் போய் நின்றபோது மனசில் பஸ்ஸும் இல்லை, வரிசையும் இல்லை. அந்தக் குனிந்த தலைதான் தெரிந்தது.

“கோவிந்தப்பண்ணா, தலையத் தூக்குங்க. ராசாத்தி மேல ஒரு தப்பும் இல்ல.”

கடைசிக்கு வைத்திருந்ததை முதலில் சொல்லிவிட்டோம் என்று அவளுக்கே தெரிந்தது. திரும்ப எடுக்க முடியாது. இனி மற்றதெல்லாம் அதற்குச் சாட்சி சொல்லித்தான் ஆக வேண்டும்.

“அவ நின்னா. பார்த்தா. கூட வந்த புள்ளையக் கைய நீட்டித் தடுத்தா. லாரி போனப்புறம்தான் எறங்குனா. அவ எதுக்கு அந்த ரோட்டைத் தாண்டணும்? கேட்டு இந்தப் பக்கம் இருக்குது, பஸ்ஸு அந்தப் பக்கம் நிக்குது. முன்ன திரும்பி வந்துச்சு. இப்ப வர்றதில்ல. ஏன் வர்றதில்லன்னு இங்க இருக்கிற எல்லாருக்கும் தெரியும். இதே கேன்டீன்ல அவளே எந்திரிச்சுக் கேட்டா. பார்க்கலாம்னு சொன்னீங்க. பார்த்தீங்களா சார்?”

ராஜசேகர் பக்கத்தில் வந்து நின்றான். “முனிலட்சுமி, இது இரங்கல் கூட்டம். அதுக்கு வேற கூட்டம் இருக்கு.”

“எனக்கு அஞ்சு நிமிஷம்னு சொன்னீங்க. இன்னும் ஆகல சார்.”

யாரோ மைக்கை நிறுத்திவிட்டார்கள். ஒயர் கட்டும் மேசையில் இயந்திர இரைச்சலுக்கு மேல் கத்திக் கத்திப் பழகிய குரல் அது. மைக் இல்லாமலும் கடைசி வரிசை வரை போனது. “கவனக்குறைவு யாருதுன்னு சரியா எழுதி ஒட்டுங்க. அவ பேரை மட்டும் இழுக்காதீங்க.” அவ்வளவுதான். நினைத்து வைத்ததில் பாதி விட்டுப்போயிருந்தது. போய் உட்கார்ந்தாள்.

அவளுக்காக யாரும் எழுந்து நிற்கவில்லை. கை தட்டவில்லை. மௌன அஞ்சலி, பிறகு டீ. பிஸ்கட்டை வாங்கிக்கொண்டு பெண்கள் அவள் முகத்தைப் பார்க்காமல் போனார்கள். ஸோயாவும் போனாள். கத்தினது எல்லாம் காற்றோடு போய்விட்டது என்று முனிலட்சுமி நினைத்தாள்.

திங்கட்கிழமை காலை பஸ் வழக்கமான இடத்தில் நின்றது. கதவு திறந்தது. கதவை ஒட்டிய இருக்கையில் இருந்தவள் ஸோயா. அவள் எழுந்திருக்கவில்லை. அவள் எழாததால் பின்னால் இருந்தவர்களும் எழவில்லை. முனிலட்சுமி எழப் போனவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

ஓட்டுநர் கங்கப்பன் தளிப் பக்கத்துக்காரர், கன்னடம் கலந்துதான் பேசுவார். கண்ணாடியில் பார்த்தார். “ஏனம்மா? எறங்குங்க, டைம் ஆச்சு.”

“அந்தப் பக்கம் விடுங்கண்ணா,” என்றாள் ஸோயா.

“எனக்குத் திட்டு விழும்மா.”

“எங்க மேல கார் விழுதுண்ணா.”

கங்கப்பன் செல்லை எடுத்து யாரிடமோ பேசினார். அந்தப் பக்கத்திலிருந்து வந்த சத்தம் பஸ் முழுக்கக் கேட்டது. அவர் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, “எறங்கமாட்டேங்கறாங்க சார், தள்ளியா விடறது?” என்று சொல்லிச் செல்லைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வண்டியைக் கிளப்பினார். சுரங்கப்பாலத்துக்குள் பஸ் திரும்பியபோது யாரோ ஒருத்தி விசும்பினாள்.

அன்று எல்லாருக்கும் தாமதம் என்று பதிவானது. மறுநாளும் யாரும் இறங்கவில்லை, அதற்கு மறுநாளும் இல்லை. பிறகு பலகையில் புதுத் தாள் வந்தது. ‘ஊழியர் நலனில் அக்கறை கொண்டு நிர்வாகம் பேருந்துத் தடத்தை மாற்றியமைத்துள்ளது.’ யார் கேட்டார்கள், யார் செத்தார்கள் என்று அதில் ஒரு வரி இல்லை. பழைய தாளைக் கிழித்துவிட்டார்கள். முனிலட்சுமி ராஜசேகரிடம் போய், “கிழிச்சா போதாது சார். சொன்னது தப்புன்னு ஒட்டுங்க,” என்றாள்.

“அது என் கையில இல்லம்மா,” என்றான் அவன். அவன் கண் தரையில் இருந்தது.

அடுத்த மாதம் அவளைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். காரணம் சொல்லவில்லை. நாள் முழுக்க அட்டைப்பெட்டி தூக்குகிற வேலை. இடுப்பு விட்டுப்போனது. மேலாளர் அந்த வழியாக வரும்போதெல்லாம் அவள் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு அவரை நேராகப் பார்ப்பாள். அவர் வேறு வழியில் போகப் பழகிக்கொண்டார்.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் கோவிந்தப்பன் போன் செய்தான். “பொண்ணு கேட்டுச்சும்மா. பள்ளிக்கூடத்துல ஏதோ சொல்லியிருக்காங்க. அம்மா பார்க்காமத்தான் ரோட்டைத் தாண்டுச்சான்னு கேட்டுச்சு.”

“நீங்க என்னா சொன்னீங்கண்ணா?”

“இல்லன்னு சொன்னேன். நீங்க அன்னிக்குச் சொன்னதை அப்படியே சொன்னேன்.”

“நல்லாச் சொன்னீங்க. எத்தனை தடவை கேட்டாலும் அதையே சொல்லுங்க,” என்றாள் முனிலட்சுமி. மணி அடித்துவிட்டது. போனை வைத்துவிட்டு அடுத்த பெட்டியைத் தூக்கப் போனாள். கோபம் ஒரு துளிகூடக் குறைந்திருக்கவில்லை.